கணிப்பொறியின் வாயிற்காவல்

வீடு கட்டுவோன் முதற்கண் வாயில் அமையும் இடத்தை ஆராய்கின்றான். வாயில் அமைந்தபின் கதவும், கதவு அமைந்தபின் தாழும் வேண்டப்படுகின்றன. வருவாரை வரவேற்றல் நம் நாட்டுப் பண்பே, ஆயினும், வந்தவர் யாவர், எதன்பொருட்டு வந்தார் என வினவாமலே அடுக்களைவரை விடுதல் பண்பாகாது, அஃது அசட்டையாம். அரண்மனை வாயிலில் வாயிலோனை நிறுத்திய நம் முன்னோர், அவன் கையில் வேலொன்று கொடுத்ததோடு அமையாது, வந்தார் வரவை உள்ளே சென்று அறிவித்து, அரசன் விடைபெற்று மீளும் கடமையையும் கொடுத்தனர். இந்நாளில் நம் மேசைமேல் அமர்ந்திருக்கும் கணிப்பொறிக்கும் வாயில் ஒன்று உண்டு. பொறி விழித்தெழும் சில நொடிகளில் அது திறக்கின்றது. அந்நொடிகளில் உட்புகுவார் யாவர், அவருள் வேண்டாதாரை நிறுத்துமாறு எங்ஙனம், நிறுத்தும் உரிமை யாருக்குரியது என்பவற்றைக் குறித்து எம் கருத்தைக் கூறவே இக்கட்டுரை எழுந்தது.

தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவுவார் உளராகலாம். ஓலைச்சுவடி பயின்றோர், ஏட்டைச் செல்லரிக்காமற் காக்கவும் எழுத்தாணியைக் கூர்செய்யவும் அறிந்திருந்தனர். நாம் கட்டுரை வரைவதும், அகராதி புரட்டுவதும், பழஞ்சுவடிகளின் படங்களைக் கண்டு பாடம் ஒப்புநோக்குவதும் இப்பொறியினிடத்தேயாகலின், இதனைப் பேணும் முறையறிதல் நமக்கும் கடனேயாம்.

கணிப்பொறியின் உறுப்புகள் பல. திரையை இயக்கும் உறுப்பு, ஒலி எழுப்பும் உறுப்பு, கம்பியின்றிச் செய்தி வாங்கும் உறுப்பு, படம் பிடிக்கும் உறுப்பு எனப் பல கூட்டத்தார் செய்த பலவகை உறுப்புகள் ஒரு பெட்டிக்குள் உறைகின்றன. இவற்றையெல்லாம் ஆளும் மூலநிரலைக் கெர்னல் என வழங்குவர். உறுப்பு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மொழி உடையது. அம்மொழி முழுவதும் கெர்னலுக்குத் தானாகத் தெரிவதன்று. ஆதலின், இரண்டிற்கும் இடையே நின்று மொழிபெயர்ப்பார் ஒருவர் வேண்டும். அம்மொழிபெயர்ப்பு நிரலையே டிரைவர் என்றும், நம் மொழியில் இயக்கி என்றும் கூறுகின்றோம். இயக்கி இன்றேல் உறுப்பு ஊமை.

ஈண்டு லினக்ஸ் என்னும் கெர்னலையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது 1991-ஆம் ஆண்டில் ஃபின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பாரால் தொடங்கப் பெற்றது. அப்போது அவர்க்கு அகவை 21. அதன் மூலம் யாவரும் படித்தறியத் திறந்து கிடத்தலின், வாயிலில் நிகழ்வதை ஒளிவுமறைவின்றிக் காண்டற்கு அதுவே ஏற்றது.

லினக்ஸில் இயக்கிகளுட் பெரும்பாலன மாட்யூல் எனப்படும் தனித்தனிக் கூறுகளாக வட்டில் வைக்கப்பட்டிருக்கின்றன. எவ்வீட்டுப் பொறிக்கும் பயன்பட வேண்டுமென்று, அவற்றை அமைத்தோர் ஆயிரக்கணக்கிற் சேர்த்து அனுப்புகின்றனர். பொறி எழுந்ததும், உறுப்பு ஒவ்வொன்றும் தன்னைச் செய்தாரைக் குறிக்கும் எண்ணையும், தன் வகையைக் குறிக்கும் எண்ணையும் கெர்னலுக்குக் காட்டுகின்றது. கெர்னல் அவ்வெண்களைக் கோத்து ஒரு நெடும்பெயராக்கி அறிவிக்கின்றது. யூடெவ் என்னும் பணியாள் அவ்வறிவிப்பைக் கேட்டு, இந்நெடும்பெயர்க்கு உரியார் யாவர் எனப் பட்டியலைப் புரட்டி, உரிமை கூறும் கூற்றை உடனே நினைவகத்தில் ஏற்றிவிடுகின்றது. இவையனைத்தும் கண்ணிமைப் பொழுதிற்குள் நடக்கின்றன. வேண்டுமா வேண்டாவா என்று வீட்டுக்குரியவனை வினவுவார் ஒருவருமிலர்.

இவ்வேற்பாடு பெரிதும் நன்மை பயப்பதே என்பதை யாம் மறுக்கவில்லை. ஒவ்வோர் உறுப்பிற்கும் உரிய இயக்கியைத் தானே தேடி அலைந்த பழைய தொல்லை இதனால் ஒழிந்தது. ஆயினும் மூவகை நிலைகளில் தானே வந்த இயக்கி வேண்டாததாகின்றது.

முதலாவது, ஓருறுப்பிற்கு இருவர் உரிமை கூறும் நிலை. என்விடியா என்னும் நிறுவனத்தார் செய்த திரையுறுப்புகளுக்கு, ஆர்வலர் பலர் கூடி நூவோ என்னும் இயக்கியை ஆக்கினர். 2010-ஆம் ஆண்டில் அது லினக்ஸோடு சேர்க்கப்பட்டது. அந்நிறுவனத்தார் தாமே தரும் இயக்கியும் வேறாக உண்டு. ஒரு திரையுறுப்பை ஒரு காலத்தில் ஒருவரே ஆளல் இயலும். நூவோ முந்திப் புகுந்து பற்றிக்கொண்டால், நிறுவனத்தார் இயக்கி வாயிலில் நின்று வறிதே மீளும். ஓருறையில் இரண்டு வாள் இரா என்பது நாம் அறிந்ததன்றோ!

இரண்டாவது, உறுப்பின் பயன் மாறும் நிலை. ஆர்.டி.எல். 2832யு என்னும் சில்லுடைய சிறு கருவி தொலைக்காட்சி வாங்குதற்கென விற்கப்பட்டது. 2012-ஆம் ஆண்டளவில், அக்கருவியைக் கொண்டே பலவகை வானொலி அலைகளை வாங்கலாம் என்பது பரவலாயிற்று. வானூர்தி தான் செல்லும் இடத்தை 1090 மெகாஹெர்ட்ஸ் அலையில் அறிவிக்கும் குறிப்பையும் அதனாற் கேட்கலாம். கருவியைச் செருகியதும் கெர்னலோ, "இது தொலைக்காட்சிக் கருவி" என்று கருதி, அதற்குரிய இயக்கியை ஏற்றிவிடுகின்றது. வானொலி கேட்க வந்த நிரல் கையற்று நிற்கின்றது. இங்கே இயக்கியின்பாற் குற்றம் ஒன்றுமில்லை. அது தன் கடமையையே செய்தது. உடையவன் வேண்டியது வேறாயிற்று, அவ்வளவே.

மூன்றாவது, தொல்லையும் தீங்கும் விளையும் நிலை. பி.சி.எஸ்.பி.கே.ஆர். என்பது பொறியினுள் உள்ள சிறு குழலைக் கீச்சிடச் செய்யும் இயக்கி. நூலகத்தின் அமைதியில் ஒருமுறை அது கீச்சிட்டால், நாற்பது தலைகள் நிமிரும். உபுண்டு என்னும் தொகுப்பை ஆக்கியோர் இதனைத் தாமே விலக்கியிருக்கின்றனர். தீங்கிற்கும் ஒரு சான்று கூறுதும். 2017-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில், டி.சி.சி.பி. என்னும் கூற்றில் பெரும்பிழையொன்று வெளிப்பட்டது. அஃது உறுப்பை இயக்குவதன்று, வலைப்பின்னல் வழக்கொன்றிற்கு உரியது. எனினும், கேட்டவுடன் தானே ஏறும் இயல்பில் இயக்கிகளை ஒத்தது. அதனைப் பயன்கொண்டார் மிகச் சிலர். ஆயினும், பொறியில் நுழைவுரிமையுடைய எளிய பயனர் ஒருவரும் அதனை ஏற்றுவித்து, அப்பிழைவழியே தலைவர்க்குரிய முழு ஆட்சியையும் கவரக்கூடியவராயிருந்தார். அப்பிழையோ பத்தாண்டுகளுக்கு மேலாக ஒருவரும் காணாது கிடந்தது. திருத்தம் வருமுன், அக்கூறு ஏறாதவாறு தடுத்தலே தற்காப்பாகக் கூறப்பட்டது. பயன்படாத அறையின் சாளரத்தைத் திறந்துவைத்து உறங்குவார்க்கு இஃதோர் எச்சரிக்கை.

நிற்க. வேண்டாததை நிறுத்துமாறு எங்ஙனம் என்பதைக் காண்போம். முதற்கண் உள்ளே இருப்பார் யாவரென அறிதல் வேண்டும். எல்.எஸ்.மாட் என்னும் கட்டளை ஏறியுள்ள கூறுகளையெல்லாம் பட்டியலிட்டுக் காட்டும். எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் கட்டளையைக் கே என்னும் குறியோடு இட்டால், எவ்வுறுப்பை எவ்வியக்கி பற்றியிருக்கின்றது என்பதும் விளங்கும். அறிந்தபின், மோட்புரோப்.டி என்னும் அடைவில் ஒரு கோப்பு வரைந்து, பிளாக்லிஸ்ட் என்னும் சொல்லையும் கூற்றின் பெயரையும் ஒரு வரியில் எழுதுதல் வழக்கம்.

இவ்வொரு வரியின் பொருளை முற்றும் உணராமையாற் பலர் இடர்ப்படுகின்றனர். ஒரு கூற்றிற்கு இயற்பெயரும் உண்டு. உறுப்புகளின் நெடும்பெயரோடு பொருந்தும் சார்த்துப்பெயர்களும் உண்டு. மேற்கூறிய வரி அச்சார்த்துப்பெயர்களை மட்டுமே செல்லாதனவாக்குகின்றது. ஆகவே, உறுப்பைக் கண்டு யூடெவ் அழைக்கும்போது அக்கூறு வாராது. ஆனால், ஒருவர் இயற்பெயர் கூறி அழைத்தாற் கட்டாயம் வரும். மற்றொரு கூறு தனக்குத் துணையென அழைத்துவரினும் வரும். விலக்கியும் வந்துவிட்டதே என வியப்போர் இவ்வேறுபாட்டை நோக்குவாராக.

இயற்பெயரால் அழைப்பினும் துணையாக அழைப்பினும் வாராமற் செய்ய வேறொரு வரி உண்டு. இன்ஸ்டால் என்னும் சொல்லையும், கூற்றின் பெயரையும், எஞ்ஞான்றும் தோல்வியையே விடையாகத் தரும் ஃபால்ஸ் என்னும் சிறு நிரலையும் அடுத்தடுத்து எழுதினால், அக்கூற்றை ஏற்ற முயலும்போதெல்லாம் மோட்புரோப் அத்தோல்வி நிரலையே இயக்கி ஓய்ந்துவிடும். இனி, கெர்னலோடு ஒன்றாகத் தொகுக்கப்பட்டுப் பிரிக்க இயலாதனவான இயக்கிகளும் சில உண்டு. அவற்றின்மேல் இவ்விருவகை வரியும் செல்லா.

இவ்விடத்திற் கலைச்சொல்லைப் பற்றி ஒன்று கூற விரும்புகின்றோம். ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்துக் கறுப்புப் பட்டியல் என எழுதுவார் உளர். தீயதைக் கருமையோடு இணைத்துக் கூறும் அவ்வழக்கைப் புதிய நிரல்களில் தவிர்ப்பதென 2020-ஆம் ஆண்டில் லினக்ஸ் ஆக்குவோரே நெறி வகுத்தனர். மோட்புரோப்பின் கட்டளைச் சொல் மட்டும் பழையவாறே நிற்கின்றது. கருநிறம் பெரும்பான்மையாகிய நம் நாட்டில், அச்சொல்லை நாம் ஏன் சுமத்தல் வேண்டும்? அதனினும் பொருத்தமான சொற்கள் நம்பால் உள. சார்த்துப்பெயரால் வாராமற் செய்வதனை விலக்கு என்க. எவ்வாறு அழைப்பினும் வாராமற் செய்வதனைத் தடை என்க. கூற்றின் கோப்பையே வட்டினின்று அகற்றுதலை நீக்கம் என்க. மூன்றும் மூன்று செயல். மூன்றற்கும் மூன்று பெயர் வைத்தால், செய்வோன் தான் செய்வதை அறிந்து செய்வான்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. வட்டின் பெருங்கோயிலைத் திறக்குமுன், கெர்னல் ஒரு சிறு முன்மண்டபத்தில் தங்குகின்றது. அதனை இனிட்ராம்எஃப்எஸ் என்பர். அதற்குள்ளேயும் சில இயக்கிகளும், விலக்குக் கோப்புகளின் படியொன்றும் கட்டிவைக்கப்பட்டிருக்கும். திரையுறுப்பின் இயக்கி பலகால் அங்கேயே ஏறிவிடும். ஆகையால், கோப்பில் வரியெழுதியபின் அம்முன்மண்டபத்தையும் புதுக்கிக் கட்டுதல் வேண்டும். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் என்னும் கட்டளையும், ஃபெடோராவில் டிராகட் என்னும் கட்டளையும் இப்பணியைச் செய்யும். இதனை மறந்தார், பின்வாயிலைச் சாத்தி முன்வாயிலைத் திறந்துவைத்தாராவர்.

இனி, இம்முயற்சியே வேண்டாவென்பாரும் உளர். "தொகுப்பை ஆக்கிய அறிஞர் அறியாததையா நாம் அறிந்துவிட்டோம்? வருவன வரட்டும்" என்பது அவர் கூற்று. அறிஞர் நோக்கியது உலகத்துப் பொறிகள் அனைத்தையும். நாம் நோக்குவது நம் எதிரிலுள்ள ஒரு பொறியை. ஊரார் அனைவர்க்கும் சமைப்பவர் இன்னார்க்கு இன்னது ஒவ்வாது என்பதை அறியார். அவரவரே அறிதல் வேண்டும். மேலும், தொடக்க வாயிலிற் புகுவது எத்துணைப் பெரிய செயலென்பதை 2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19-ஆம் நாள் உலகம் கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனத்தார் காவலுக்கென அளித்த நிரலின் கூறொன்று, விண்டோஸ் பொறி எழும்போதே ஏறுவது. அன்று அதற்கு வந்த பிழையுடைய தரவுக்கோப்பைப் படித்து அது நிலைகுலையவே, பொறிகள் வீழ்ந்தன. எழுந்து மீண்டும் வீழ்ந்தன. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் மதிப்பின்படி அவ்வாறு வீழ்ந்தவை ஏறத்தாழ 85 இலட்சம். வானூர்திகள் பறக்கவில்லை, மருத்துவமனைகள் திகைத்தன. பல பொறிகளை மீட்ட வழி யாது? இன்றியமையாத இயக்கிகளை மட்டும் ஏற்றி எழும் பாதுகாப்பு நிலையிற் பொறியை எழுப்பி, அக்கோப்பை அழித்தலே. ஏறவொட்டாமல் நிறுத்தும் ஆற்றலே அன்று பொறிகளைக் காத்தது என்பதை ஓர்மின்.

மற்றொரு சாரார் இதற்கு மறுதலையானவர். இணையத்திற் கண்ட நெடும்பட்டியலை அப்படியே படியெடுத்துத் தம் பொறியில் ஒட்டிவிட்டு, காவல் செய்துவிட்டதாக மகிழ்வார் இவர். இவரையும் யாம் உடன்படோம். வட்டினை இயக்குவதைத் தடுத்தால் பொறி எழாது. விசைப்பலகையை இயக்குவதைத் தடுத்தால் எழுந்த பொறிக்குக் கட்டளையிட இயலாது. எல்லாரையும் விரட்டும் வாயிலோன், எல்லாரையும் விடும் வாயிலோனினும் சிறந்தவனல்லன். இருவரும் முகம் பாராதவர்.

எம் தோழர் ஒருவர்க்கு நேர்ந்ததை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். பிறர் ஒருவர் ஆண்டு பழகிய மடிக்கணிப்பொறி ஒன்று அவர்க்குக் கிடைத்தது. படிப்புதவிக்கான நேர்காணல் ஒன்று இணையவழி நிகழவிருந்தது. பொறியின் படக்கருவி இயங்கவில்லை. கருவி பழுதுற்றதென நினைந்து, உணவு விடுதிக்குச் செலுத்த வைத்திருந்த பணத்தினின்று எடுத்துப் புதிய கருவியொன்று வாங்கிச் செருகினார். அதுவும் இயங்கவில்லை. நேர்காணல் நாளன்று பிறர் பொறியை இரந்து பெற்றே அமர்ந்தார். பின்னர் ஆராய்ந்தபோது, பழைய உடையவர் யு.வி.சி.வீடியோ என்னும் இயக்கியை விலக்கி ஒரு வரி எழுதியிருந்தது வெளிப்பட்டது. உள்ளிருந்த கருவிக்கும் புதிய கருவிக்கும் அவ்வொரு இயக்கியே வேண்டியிருந்தது. பழையவர் எழுதியது குற்றமன்று. தம்மை யாரும் மறைந்து நோக்காதிருக்க அவர் அங்ஙனம் செய்திருக்கலாம். ஆனால், ஏன் எழுதினார், எந்நாளில் எழுதினார் என ஒரு சொல்லும் அருகில் இல்லை. இரண்டு சொல்லெழுதாத சோம்பலின் விலையை, அவரை ஒருநாளும் கண்டறியாத ஏழை மாணவர் ஒருவர் கொடுத்தார்.

ஆகலின் எம் கருத்தை நான்கு நெறிகளாக வகுத்துக் கூறுகின்றோம். முதலாவது, பெயரறியாத இயக்கியை விலக்காதொழிக. அது யாது, எதனைப் பற்றியுள்ளது, எதற்குத் துணையாயுள்ளது என்பவற்றை அறிந்தபின்னரே கைவைக்க. இரண்டாவது, நிலையாக எழுதுமுன் ஒருமுறை தேர்ந்து பார்க்க. பொறி எழும்போது தோன்றும் கிரப் என்னும் தொடக்கத் திரையில், கெர்னலுக்குரிய வரியின் ஈற்றில் மாட்யூல்_பிளாக்லிஸ்ட் என்பதையும் சமக்குறியையும் கூற்றின் பெயரையும் சேர்த்தால், அம்மாற்றம் அவ்வொரு முறைக்கே செல்லும். பிழைத்தால் மீண்டும் தொடங்குக. பழைய நிலை தானே திரும்பும். மூன்றாவது, எழுதும் வரியின் மேல் முள்வேலிக் குறியிட்டு, காரணத்தையும் நாளையும் எழுதுக; அக்குறியிட்ட வரியைப் பொறி படியாது, மாந்தர் படிப்பர். நான்காவது, காரணம் ஒழிந்தபின் விலக்கையும் ஒழிக்க. பகை தீர்ந்தபின்னும் தாழ் திறவாதிருத்தல் வீட்டிற்கு அழகன்று.

பலர் பழகும் பொறிக்கூடங்களிலே இந்நெறிகள் இருமடங்கு வேண்டப்படுகின்றன. அங்கே ஒருவர் எழுதிய வரி நூறு பேரைப் பிணிக்கும். ஒவ்வொரு கூடத்திலும், எவ்வியக்கி எக்காரணத்தால் விலக்கப்பட்டது என்பதை யாவரும் காணுமாறு ஒரு குறிப்பேடு வைத்தல் நன்று. கணிப்பொறியியல் பயில்வாரே இதனை அறிதல் வேண்டும் என்பதில்லை. எல்.எஸ்.மாட் பட்டியலைப் படித்தறியப் பெயர்ச்சொல்லை இனம்பிரிக்கும் பொறுமை போதும். அப்பொறுமையை இலக்கணம் பயிலும் நமக்கு நம் ஆசிரியர் நாடோறும் கற்பிக்கின்றனர்.

இறுதியாக, உரிமையைப் பற்றி ஒரு சொல். வேண்டா என்று கூற இடந்தராத வீடு, நாம் வாடகை கொடுத்துத் தங்கும் விடுதியாகலாம். நம் வீடு ஆகாது. விலை கொடுத்துப் பெற்ற பொறியும் அத்தகையதே. எதை ஏற்பது, எதை விலக்குவது என்னும் உரிமை உடையவன் கையில் இருக்கும்வரையிலேயே அது அவன் பொறியாம். அவ்வுரிமை அறியாமையால் வீணாகலும் உண்டு, அவசரத்தாற் பிறர்க்குத் தீங்காகலும் உண்டு. நல்ல வாயிலோன் வந்தவரின் பெயர் கேட்கின்றான், முகம் பார்க்கின்றான், ஏற்பினும் மறுப்பினும் காரணம் கூற அறிந்திருக்கின்றான். நம் கையிலுள்ள இச்சிறு வாயிலில் அவ்வாறு நின்று பழகுவோமாயின், பெரிய வாயில்களை நம்மிடம் ஒப்புவிக்கும் நாளிலும் உறங்கமாட்டோம் என்பது எம் துணிபு.